அரைக் குளிசை

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் குணரத்தினத்தின் நெஞ்சுத் தழும்பைப் பார்க்காதவர்கள் குறைவு. சட்டையின் மேல் மூன்று பொத்தான்களைக் கழற்றி, கழுத்துக்குழியிலிருந்து நேராகக் கீழே இறங்கும் அந்தக் கோட்டைக் காட்டுவார். பிறகு காற்சட்டையின் இடது காலைச் சுருட்டி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை போகும் இன்னொரு கோட்டையும் காட்டுவார்.

"இதுக்குள்ளை கிடந்த ரத்தக் குழாயை எடுத்துத்தான் அங்கை வைச்சுத் தைச்சவை. நாலு இடத்திலை. ஆறு மணித்தியாலம். ஒரு சதம் கேக்கேல்லை."

தமிழ் தெரியாத வியாபாரிகளுக்குப் பிரெஞ்சில் 'காத்ர்' என்று நான்கு விரலை நீட்டிக் காட்டுவார். அவர்கள் தலையை ஆட்டி, ஒரு தோடம்பழத்தை எடுத்து அவர் கையில் வைப்பார்கள். சலரோகக்காரரான அவர், சீனி கூடும் என்று, அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் வித்தியாவுக்குக் கொடுப்பார்.

அந்தச் சந்தையில் அவர் ஏழு வருடம் ஓர் இத்தாலிக்காரரின் பழக்கடையில் பெட்டி தூக்கினார். விடிய ஐந்து மணிக்கு லொறி வரும். மாரிக் குளிரில் கைவிரல் மடங்காது, உருளைக்கிழங்குச் சாக்குகளை முழங்கையால் அணைத்துத்தான் இறக்க வேண்டும். பருத்தித்துறையில் மினிபஸ் ஓடிய மனிதர். அங்கே ஓடும்போதே சலரோகம் வந்துவிட்டது. இங்கே வந்தபின் காலையும் மாலையும் ஒவ்வொரு குளிசை போட்டுக்கொண்டு, பாகற்காய்க் கறி தின்றுகொண்டு சமாளித்தார்.

1996ஆம் ஆண்டு சித்திரை மாதம் ஒரு நாள், அப்பிள் பெட்டி ஒன்றைத் தோளில் ஏற்றியவர், அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். நெஞ்சு நோகவில்லை. கடுமையாக வியர்த்தது, அவ்வளவுதான். கூட வேலை செய்த அருளம்பலம் வந்து, "என்ன அண்ணை, காச்சலோ?" என்று கேட்டுக்கொண்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நெற்றி ஐஸ் மாதிரி இருந்தது. சலரோகக்காரருக்கு நோவு இல்லாமலே மாரடைப்பு வரும் என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.

பத்து நாளில் நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பினார்கள். அந்தப் பத்து நாளும் ஆஸ்பத்திரியில் கண்டதை அவர் மனைவி யோகராணி முன்பு வாழ்நாளில் கண்டதில்லை. ஆளுக்கு ஒரு மெஷின், மணிக்கு ஒரு தாதி, கட்டில்கூடத் தானாக எழும்பி நிமிர்ந்தது. "ராசா மாதிரி வைச்சிருந்தவை," என்று மேல்வீட்டு அல்போன்சம்மாவிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசல் வரைதான் அந்த ராசவாழ்வு. வீட்டுக்கு வந்த அன்றே மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு தாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்சனில் மூலைக்கடை ஃபார்மசிக்குப் போனாள். எட்டுப் போத்தலும் இன்சுலின் ஊசிகளும், சீனி பார்க்கிற கடதாசிக் குச்சிகளும் ஒரு பையில் வந்தன. கல்லாவில் இருந்த கிரேக்கப் பெண் தொகையைச் சொன்னாள். யோகராணிக்கு விளங்கவில்லை என்று நினைத்து, ஒரு துண்டில் எழுதித் தள்ளினாள். யோகராணிக்கு முதலிலேயே விளங்கியிருந்தது. ஷபானெல் தெருவில் ஒரு தொழிற்சாலையில் குளிர்ச் சட்டைகளுக்கு ஜிப் தைக்கிறவள் அவள். இரண்டு கிழமை ஜிப் தைத்த காசில் பாதிக்கு மேல் அந்தத் துண்டில் இருந்தது.

அருளம்பலம் பார்க்க வந்தபோது ஒரு யோசனை சொன்னார்.

"அக்கா வேலையை விட்டிட்டு ரெண்டு பேரும் வெல்ஃபெயரிலை, அரசாங்கக் காசிலை, ஏறுங்கோ அண்ணை. அவைக்குக் குளிசை சும்மா. வேலை செய்யிற சனத்துக்குத்தான் முழு விலை."

"ஏழு வருசம் ஒருத்தரிட்டையும் கை நீட்டேல்லை," என்றார் குணரத்தினம்.

"கை நீட்டுறது எண்டில்லை அண்ணை, சட்டத்திலை இருக்கு."

"வித்தியாவுக்கு நாளைக்கு ஒரு கலியாணம் பேச வந்தால், தேப்பன் வெல்ஃபெயர் எண்டோ சொல்லுறது? விடும்."

ஆவணி மாதம் வெல்ஃபெயர்க்காரரும் மருந்துக்குப் பங்கு கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. குணரத்தினம் அதைத் தனக்குக் கிடைத்த வெற்றி போலச் சொல்லித் திரிந்தார்.

புரட்டாதியில் சுகவீனக் காசு நின்றது. பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்ததால் கடை முதலாளி கையைக் கொடுத்து, ஒரு பெட்டி முந்திரிகைப் பழமும் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தக் கிழமை ஒரு மாலை, வித்தியா பள்ளிக்கூட நூலகத்தில் இருந்த நேரம், புருசனும் பெண்சாதியும் குசினி மேசையில் எட்டுப் போத்தலையும் வரிசையாக வைத்துக்கொண்டு இருந்தார்கள். அடுப்பில் மீன்குழம்பு கொதித்தது. வெளியே மழை.

"எதை விடுறது?" என்று யோகராணி கேட்டாள்.

"எது என்ன செய்யுதெண்டு பார்ப்பம்." அவர் ஒரு போத்தலை எடுத்தார். "இது தண்ணிக் குளிசை. இதை ரெண்டு நாள் விட்டுப் பாத்தனான். கால் வீங்கிப் போச்சு. இது நிக்க வேணும்."

"நெஞ்சுத் துடிப்புக்கு எண்டு தந்தது?"

"அதை அரைவாசியாய் வெட்டுவம். நடுவிலை கோடு போட்டுத்தானே விடுறான், வெட்டச் சொல்லித்தானே."

"அப்பிடியே?"

"பின்னை கோடு என்னத்துக்கு?"

அவள் அந்தக் குளிசையை விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள். கோடு இருந்தது.

"இது கொழுப்புக்கு," என்றார் அவர். "எல்லாத்திலையும் விலை கூடினது இதுதான். போட்டாலும் ஒண்டும் தெரியேல்லை, போடாட்டிலும் ஒண்டும் தெரியேல்லை."

"தெரியாட்டில் வேலை செய்யேல்லை எண்டே அர்த்தம்?"

"வேறை வழி தெரிஞ்சால் சொல்லும்."

"நான் சனிக்கிழமையும் வேலைக்குப் போறன்."

"ஞாயிறும் போம். பேந்து உமக்கும் ஒரு பை குளிசை வாங்குவம்."

யோகராணிக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்தால் நெஞ்செலும்பு இன்னும் நோகும், கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டொக்டரிட்டை ஒருக்கால் கேப்பமே?" என்றாள்.

"அந்த மனிசிட்டையோ? எங்களுக்குக் காசில்லை எண்டு நான் போய்ச் சொல்ல வேணுமோ?"

அந்த மனிசி என்றது டொக்டர் வசுமதியை. சென்னைக்காரர், இருபது வருடமாக மொன்றியலில் இருக்கிறவர். ஆஸ்பத்திரியில் அவரைக் கண்டபோது, தமிழில் வருத்தம் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்று யோகராணி அழுதிருக்கிறாள். அவருக்கு இல்-பிசார் தீவில் ஆற்றைப் பார்த்த வீடு என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு குணரத்தினம் அவரிடம் போகும்போதெல்லாம் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டார்.

இன்சுலினையும் அன்றுதான் குறைத்தார்கள். காலையில் பத்து யூனிட், பின்னேரம் பன்னிரண்டு என்று அவரே முடிவு செய்தார். சீட்டில் எழுதியிருந்தது அதைப் போல இரண்டு மடங்கு. கடதாசிக் குச்சிகளை யோகராணி நூல் வெட்டும் கத்தரியால் நீளப்பாட்டுக்கு இரண்டாக வெட்டினாள். பதினைந்து வருடம் தையல் தைத்த கை, நூலிழை பிசகாமல் வெட்டியது. விரலைக் குத்தி, அந்த ஒடுங்கிய துண்டில் இரத்தத்தைத் தொட்டு, போத்தலில் ஒட்டியிருந்த நிறங்களோடு பிடித்துப் பார்ப்பார்கள். பச்சை கடும்பச்சையாகிக்கொண்டு வந்தது. "வெட்டினபடியால் நிறம் கூடக் காட்டுது," என்பார் குணரத்தினம். பிறகு பார்ப்பதையும் கிழமைக்கு ஒருக்கால் என்று ஆக்கினார்.

தை மாதம் எல்லாருக்கும் மருந்துக் காப்புறுதி என்று அரசாங்கம் கொண்டுவந்தது. பிரெஞ்சில் வந்த கடிதத்தை வித்தியா வாசித்துச் சொன்னாள். முதலில் ஒரு தொகையைத் தாங்களே கட்ட வேண்டும், அதற்குமேல் கால்வாசி விலை. வருட முடிவில் வரியோடு காப்புறுதிக்கும் கட்ட வேண்டும்.

"அப்ப இனிக் குறையுமெல்லோ அப்பா," என்றாள் வித்தியா. அவளுக்குப் பதினாறு வயது. குளிசை வெட்டும் கதை அவளுக்குத் தெரியாது.

"ஓம், குறையும்," என்றார் அவர்.

அதில் மிஞ்சிய காசை அவர்கள் குளிசைக்குத் திருப்பவில்லை. வாடகை இரண்டு மாதம் பின்னுக்கு நின்றது. அதோடு, அரைக் குளிசையில் ஆள் எழும்பி நடமாடினார்தானே. நாலு மாதம் அரைவாசியில் இருந்த மனிதருக்கு முழுசு எதற்கு என்று இரண்டு பேருக்கும் தோன்றிவிட்டது.

டொக்டர் வசுமதியின் கிளினிக்குக்கு மாசி மாதம் போனபோது, அவர் தாளை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார்.

"மூணு மாச சுகர் ரொம்ப மோசமா இருக்கே, மிஸ்டர் குணரத்தினம். பிரஷரும் ஏறியிருக்கு. இன்சுலின் ரெண்டு வேளையும் ஒழுங்காப் போட்டுக்கறீங்களா?"

"ஓம் டொக்டர். ஒழுங்காப் போடுறன்."

"மாத்திரை எதையாவது விட்டுட்டீங்களா? மறந்துடறது எல்லாருக்கும் சகஜம்தான். சொன்னா நான் ஒண்ணும் திட்ட மாட்டேன்."

"இல்லை, இல்லை. இவ நேரத்துக்கு எடுத்துத் தந்திடுவா."

டொக்டர் யோகராணியைப் பார்த்தார். யோகராணி மடியில் இருந்த கைப்பையின் வாரைப் பார்த்தாள்.

"ஓம் டொக்டர்," என்றாள்.

"அப்போ டோஸ் பத்தலை. சிலருக்கு உடம்பு அப்படித்தான், இன்சுலின் கேக்காது." டொக்டர் இன்சுலினைக் கூட்டி எழுதினார். பிரஷருக்குப் புதிதாக ஒரு குளிசையும் சேர்த்தார். சித்திரையில் மறுபடியும் போனார்கள். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். பின்னேர ஊசி நாற்பத்திநாலு என்று எழுதப்பட்டது. வீட்டில் அது பன்னிரண்டாகவே நின்றது.

வைகாசியில் சந்தை வெளியே பரவியது. பூக்கன்றுக் காலம். குணரத்தினம் சும்மா இருக்க முடியாமல், அருளம்பலத்தோடு போய் ஒரு கடையில் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிற வேலை செய்தார். பாரம் இல்லை, கையில் காசு. நாலாம் நாள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபோது, யோகராணி நிலத்தில் இரத்தத்தைக் கண்டாள். மரப்பெட்டியில் இருந்து கழன்ற ஓர் ஆணி சப்பாத்தின் அடியால் ஏறி உள்ளங்காலில் நின்றது. அவருக்குத் தெரியவில்லை. எப்போது ஏறியது என்றும் தெரியவில்லை. காலுறை காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது, முதல் நாளாகவும் இருக்கலாம்.

"உங்களுக்கு நோகேல்லையே?"

"இல்லை. சும்மா ஈரம் மாதிரி இருந்தது. தண்ணி பட்டுதாக்கும் எண்டு நினைச்சன்."

ஆணியைப் பிடுங்கி மஞ்சள் கட்டினார்கள். மூன்றாம் நாள் கால் பெருத்து, மணக்கத் தொடங்கியது. அல்போன்சம்மா வந்து பார்த்துவிட்டு, உடனே போய் அம்புலன்ஸுக்கு ஃபோன் அடித்தார்.

ஆஸ்பத்திரியில் காலைச் சுத்தம் செய்ய அடுத்த நாள் காலை நேரம் குறித்தார்கள். சீட்டில் இருந்த மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாதி தாளில் எழுதினாள். வித்தியா மொழிபெயர்த்தாள். "இதெல்லாம் எடுக்கிறவரோ எண்டு கேக்கினம் அம்மா." யோகராணி குணரத்தினத்தைப் பார்த்தாள். அவர் தலையணையில் சாய்ந்தபடி கண்ணை மூடித் திறந்தார். "ஓம் எண்டு சொல்லு," என்றாள்.

பின்னேரம் ஐந்து மணிக்குச் சாப்பாடு வந்தது. மசித்த உருளைக்கிழங்கு, கோழித் துண்டு, சிவப்பு ஜெலி. அதற்கு முதல் தாதி ஊசியோடு வந்தாள். வித்தியா கீழே தேத்தண்ணி வாங்கப் போயிருந்தாள். தாதி வெளிச்சத்துக்கு நேரே ஊசியைப் பிடித்துப் பார்த்தபோது யோகராணியும் பார்த்தாள். ஒரு வருடமாகத் தன் கையால் மருந்து இழுத்த ஊசி, அதன் கோடுகள் அவளுக்குத் தையல் நாடா மாதிரி. மருந்து நாற்பத்திநாலில் நின்றது.

அவள் எழும்பினாள்.

"இஞ்சாருங்கோ. கனக்க இழுத்திருக்கிறா."

"அது டொக்டர் எழுதினதுதானே."

"நாங்கள் போட்டது பன்னிரண்டு."

"வீட்டிலை வழியில்லாமல் பன்னிரண்டு போட்டம். இஞ்சை சும்மா தருகினம்," என்றார் அவர். காய்ச்சலில் முகம் சிவந்திருந்தது. ஆனால் குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. "நாலு நாளைக்கு எண்டாலும் முழுசாய்ப் போடட்டும். உடம்பு தேறும். விட்டதெல்லாத்தையும் பிடிச்சிடலாம்."

"சொல்லிப் பாப்பமே ஒருக்கால்?"

"என்னெண்டு சொல்லப் போறீர்? இவ்வளவு நாளும் பொய் சொன்னம் எண்டோ? இரும் பேசாமல்."

தாதி சிரித்துக்கொண்டு பிரெஞ்சில் 'நல்லது' என்று சொல்லி, வயிற்றில் ஊசியைப் போட்டாள். ஒரு சின்னக் கடதாசிக் கோப்பையில் குளிசைகளையும் கொடுத்தாள். எல்லாம் முழுக் குளிசை. குணரத்தினம் ஒன்றொன்றாக எடுத்து, தண்ணீரோடு விழுங்கினார்.

உருளைக்கிழங்கில் இரண்டு கரண்டிதான் இறங்கியது. ஓங்காளிக்கிறது என்றார். "இன்னும் ரெண்டு வாய்," என்று யோகராணி ஊட்டப் பார்த்தாள். "காலமை சுத்தம் பண்ணினாப் பேந்து இடியப்பமும் சொதியும் கொண்டு வாரும்," என்றார். ஏழு மணிக்கு அவளும் வித்தியாவும் மெட்ரோவில் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது யோகராணி வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் டிவியில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவள் ஜிப் தைத்துக்கொண்டிருந்தபோது மேற்பார்வைக்காரி வந்து தோளில் தட்டினாள். ஃபோனில் வித்தியா. அழவில்லை, கெதியாகக் கெதியாகப் பேசினாள். "அப்பா எழும்பேல்லையாம் அம்மா. விடிய எழுப்பப் போனவையாம், எழும்பேல்லையாம். சீனி கனக்கக் குறைஞ்சு போச்சாம்."

அவர் சாகவில்லை. நாலாம் நாள் கண் திறந்தார். எட்டாம் நாள் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். காலில் இரண்டு விரல்களை வெட்டினார்கள், அது நன்றாக ஆறியது. வாயில் கரண்டியை வைத்தால் விழுங்கினார். வித்தியாவைக் காட்டி "ஆர் இது?" என்று கேட்டால், கண்ணாடிச் சன்னலைப் பார்த்தார்.

டொக்டர் வசுமதி வார்டுக்கு வந்தபோது, நடைபாதையில் இருந்த பிளாஸ்டிக் கதிரையில் யோகராணி எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் வெட்டிய குளிசையிலிருந்து கடைசிப் பின்னேரம் வரை.

"அந்த அளவு இன்சுலின் அவருக்குப் பழக்கமே இல்லை. சாப்பிடவும் இல்லை," என்றார் கடைசியில். "சுகர் இறங்கும்போது வர்ற நடுக்கம் படபடப்பு எல்லாத்தையும் நெஞ்சுக்குக் குடுத்த மாத்திரை மறைச்சுடும். தூங்கறார்னு நினைச்சிருப்பாங்க. விடியறவரை மூளைக்கு சுகர் போகலை."

"நான் சொல்லியிருக்க வேணும் டொக்டர்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. கம்பெனிக்காரங்க குடுக்கற சாம்பிள் என் மேஜை நிறையக் கிடக்கு. மாசா மாசம் குடுத்திருப்பேனே." பிறகு, "நானும் டோஸைக் கூட்டினேனே தவிர, காசு இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கலை," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோகராணி அவருடைய கையைப் பிடித்தாள்.

வித்தியா தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யோகராணிக்குத் தெரியாது.

"என்னைக் கொண்டுதானே ஓம் எண்டு சொல்ல வைச்சனீங்கள்," என்றாள் அவள். "அந்தத் தாதி கேக்கேக்கை. நான்தானே சொன்னனான்."

"பிள்ளை—"

"எனக்குச் சொல்லியிருந்தால் நான் சொல்லியிருப்பன். எனக்கு வெக்கமில்லை."

அதற்குப் பிறகு அவள் தாயோடு தேவையானதைத்தான் பேசினாள். ஒன்றாகப் போவாள், ஒன்றாக வருவாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்து பாடப்புத்தகம் வாசிப்பாள். யோகராணி சனிக்கிழமையும் தைக்கப் போனாள், ஆனால் இப்போது மருந்து வாங்குவதற்கு இல்லை. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை.

இலையுதிர் காலத்தில் குணரத்தினத்தை ரொக்ஸ்பரோவில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். ஆற்றோரம், சுத்தமான இடம். ஒரு அறையில் நாலு கட்டில். பக்கத்துக் கட்டில் கிழவர் எப்போதும் பிரெஞ்சில் ஆரையோ திட்டிக்கொண்டிருப்பார். கோட்-வெர்ட்யூ மெட்ரோவில் இறங்கி பஸ் எடுத்தால் ஒன்றரை மணித்தியாலம். ஞாயிறு தோறும் யோகராணி சிவப்பு மா இடியப்பத்தைச் சொதியில் நன்றாகக் கரைத்துக் கொண்டுபோய் ஊட்டினாள். அவர் சப்பாமல் விழுங்குவார்.

அடுத்த தை மாதம் பெரிய ஐஸ் மழை பெய்து, ஊர் முழுக்க மின்சாரம் போய், மரங்கள் முறிந்து விழுந்தன. பாதை திறந்து அவர்கள் போனபோது மாசி பிறந்துவிட்டது. இல்லத்தின் முன்னால் முறிந்த மேப்பிள் கொப்புகளை வெட்டி அடுக்கியிருந்தார்கள். உள்ளே வெக்கை. குணரத்தினத்தைச் சவரம் செய்து, தலை சீவி, சன்னலடியில் இருத்தியிருந்தார்கள். முன்பைவிடச் சதை வைத்திருந்தார். ஒரு தாதி தள்ளுவண்டியில் மருந்து கொண்டுவந்தாள். வாயைத் தொட்டதும் திறந்தார். ஒன்பது குளிசை, ஒவ்வொன்றாக, ஒன்றும் தவறாமல்.

இல்லத்து டொக்டர் இளம் வயதுக்காரர், அந்த நேரம் வந்தார். தாளைப் புரட்டிக்கொண்டு பிரெஞ்சில் சந்தோசமாக ஏதோ சொன்னார். வித்தியா தகப்பனின் போர்வையைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னவாம்?" என்று யோகராணி கேட்டாள்.

"சீனி நல்ல கட்டுப்பாடாம்," என்றாள் வித்தியா. "பிறஷரும் நல்லமாம். கொழுப்பும் குறைஞ்சிட்டுதாம். நெஞ்சிலை தைச்சது நாலும் நல்லா வேலை செய்யுதாம்." போர்வையின் நுனியை இழுத்துவிட்டாள். "இப்பிடியே மருந்து குடுத்தால் இன்னும் பதினைஞ்சு இருபது வருசம் இருப்பாராம்."

டொக்டர் யோகராணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், நல்ல செய்தி சொன்னவர் நிற்பது போல.

"மெர்சி எண்டு சொல்லு பிள்ளை," என்றாள் யோகராணி.

வித்தியா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யோகராணி கதிரையை விட்டு எழும்பினாள். கையிலிருந்த கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"மெர்சி, டொக்டர்," என்றாள்.